பாண்டிமீனாவின் டவுன் பஸ்

மதுரைப் பக்கம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் யாரையாவது பிடித்து, பாலிமார்ஃபிசம் என்றால் என்னப்பா என்று கேட்டுப் பாருங்கள். டவுன் பஸ்ஸும் ரூட் பஸ்ஸும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். உனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வாயில் பூட்டு விழுந்துவிடும். சொல்லிக் கொடுத்தவள் பெயர் பாண்டிமீனா. பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், பாய் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு மீனாக்கா.

பாய் கடை என்றால் பிரியாணிக் கடை இல்லை. போர்டில் கம்ப்யூட்டர் சென்டர் என்று போட்டிருக்கும். உள்ளே நடப்பது புராஜெக்ட் வியாபாரம். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, அறிக்கை தயாரித்துக் கல்லூரியில் காட்ட வேண்டும் என்று விதி. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கடையும் இருக்கும் இல்லையா? நூலகத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, மாட்டுச் சந்தைக்கு ஒன்று என்று விதவிதமாக எழுதி வைத்திருப்பார்கள். மாணவன் வந்து ஒன்றைக் கை காட்டினால், அவன் பெயரையும் கல்லூரிப் பெயரையும் போட்டு, கெட்டி அட்டையில் தங்க எழுத்துப் பதித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கல்லூரிக்கும் இது தெரியும். கேட்க வேண்டிய ஆசிரியர்களும் ஒரு காலத்தில் இப்படி வாங்கியவர்கள்தான், அப்புறம் எங்கே கேட்பது. கடை முதலாளி உபைதுல்லா பாய்க்குக் கம்ப்யூட்டரை அணைக்க மட்டும்தான் தெரியும். புரோகிராம் எல்லாம் எழுதுவது பாண்டிமீனா.

அவள் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. அப்பா வெள்ளைத்துரை, மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் மாட்டுத் தரகர். எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டருக்குத்தான் போகுது என்று யாரோ சந்தையில் சொன்னதைக் கேட்டு, மகளையும் மதுரைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். காலையில் ஊரிலிருந்து உசிலம்பட்டிக்கு டவுன் பஸ். அங்கிருந்து மதுரைக்கு ரூட் பஸ். படித்த காலத்தில் பாதியை அவள் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் கழித்தாள்.

இரண்டாம் வருஷத்தில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் என்று ஒரு பாடம் வரும். எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் முதல் கேள்வி இதில்தான், இதில் கோட்டை விட்டால் வாழ்க்கையையே கோட்டை விட்டதாக அர்த்தம் என்று கல்லூரியில் மிரட்டி வைத்திருந்தார்கள். பாடம் நடத்த வந்தவர், அதே கல்லூரியில் முந்தின வருஷம் படித்து முடித்து, வேறு எங்கும் வேலை கிடைக்காமல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தவர். இந்தப் பாடத்தைப் படித்தால் வேலை நிச்சயம் என்று அவர் சொல்லும்போது பின் பெஞ்சுக்காரர்கள் டெஸ்க்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு சிரிப்பார்கள்.

பாடம் ஒன்றும் மலை இல்லை. ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று முதலில் ஒரு வரைவு எழுதிக்கொள்வது கிளாஸ். அந்த வரைவின்படி எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்வது ஆப்ஜெக்ட். ஒரே கட்டளையை ஒவ்வொன்றும் அதனதன் வழியில் நிறைவேற்றுவது பாலிமார்ஃபிசம். நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டும் விலங்கு, இதுதான் பாலிமார்ஃபிசம் என்று ஆசிரியர் திரையைப் பார்த்து வாசித்தார். நாய் குரைப்பதைத் தெரிந்துகொள்ளவா உசிலம்பட்டியிலிருந்து இம்புட்டுத் தூரம் வந்தோம் என்று பாண்டிமீனாவுக்கு எரிச்சலாக இருந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், அவளும் எழுதிக்கொண்டாள்.

புரிந்தது பஸ்ஸில்தான். ஒருநாள் காலையில் டவுன் பஸ்ஸில், வயக்காட்டு ஓரம் ஒரு கிழவர் கை காட்ட, கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் அதே இடத்தில் பிரேக்கை மிதித்தார். உசிலம்பட்டியில் ரூட் பஸ் மாறி ஏறினாள். வழியில் இறங்க வேண்டும் என்று ஒருவர் சண்டை போட, அந்தக் கண்டக்டரும் விசில் ஊதினார். டிரைவர் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார். விசில் ஒன்றுதான். இரண்டும் பஸ்தான். நிற்கிற விதம் அதது இஷ்டம். கண்டக்டருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை, அவர் ஊதினால் போதும். பாண்டிமீனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பஸ் என்பது ஒரு கிளாஸ், டவுன் பஸ்ஸும் ரூட் பஸ்ஸும் அதிலிருந்து வந்த பிள்ளைகள், சக்கரமும் ஸ்டியரிங்கும் பொது, நிறுத்துவது மட்டும் தனித்தனி. அன்றைக்கு முழுக்க அவளுக்கு ரோட்டில் போகிறது எல்லாம் கிளாஸாகவும் ஆப்ஜெக்டாகவும் தெரிந்தது. படித்த படிப்பில் அவள் சந்தோஷமாக இருந்த நாள் என்று சொன்னால் அந்த ஒருநாளைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வார டெஸ்டில் நாயையும் பூனையையும் விட்டுவிட்டு பஸ்ஸை எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டுச் சைபர் வைத்தார். பாடத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்று புத்தி வேறு சொன்னார். பல்கலைக்கழகப் பரீட்சையில் அவள் நாயையே குரைக்கவிட்டு நல்ல மார்க் வாங்கினாள்.

அப்படியும் வேலை கிடைக்கவில்லை. மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பரீட்சையன்று டெங்கு வந்து படுத்திருந்தாள். அடுத்த தடவையே எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். ஆனால் கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் எல்லாம், ஒரு பாடத்திலாவது எப்போதாவது தவறியிருந்தால் வாசல் பக்கமே வரக்கூடாது என்று விதி வைத்திருந்தன. கொசு கடித்ததற்கு எந்த ஊரில் இப்படி ஒரு தண்டனை உண்டு என்று தெரியவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் உள்ளே போய் நாய், பூனை என்று ஒப்பித்துவிட்டு வேலையோடு வந்தார்கள். அவள் வெளியே அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தாள்.

படிப்பு முடிந்ததும், தற்காலிகமாக இருக்கட்டும் என்று பாய் கடைக்கு வந்தாள். தற்காலிகம் என்றுதான் எல்லோரும் வருகிறோம். பாய் நல்ல மனிதர். அவள் வந்த பிறகு கடை பிடித்த ஓட்டம் அவருக்கே ஆச்சரியம். அவள் எழுதிய புரோகிராமைவிட, அதை விளக்கிச் சொல்ல அவள் பிள்ளைகளைத் தயார் செய்த விதம்தான் ஊரெல்லாம் பேச்சானது. எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, டெஸ்டில் சைபர் வாங்கிய அதே பஸ்ஸை எடுத்துச் சொல்வாள். மண்டையில் எதுவுமே ஏறாது என்று கல்லூரி கைகழுவிய பிள்ளைகள்கூட, அட இம்புட்டுத்தானா என்று எழுந்து போவார்கள். அதையே போய் இன்டர்வியூவில் சொன்னார்கள். வேலையும் கிடைத்தது. பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லி, பாய் கடைக்கு வராதவர்கள் வாயில்கூட டவுன் பஸ் ஓட ஆரம்பித்தது.

புராஜெக்ட் வாங்கக் கடைக்கு வந்தவர்களில் ஒருவன் சிவக்குமார். கிளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கடைசி வருஷம் வரைக்கும் வந்துவிட்ட பிள்ளை. இன்டர்வியூ என்றால் அவனுக்குக் கை வேர்க்கும். பாண்டிமீனா அவனை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பல நாள் சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸை அவன் சொல்ல வேண்டும், அவள் கம்பெனிக்காரியாகக் குறுக்குக் கேள்வி கேட்பாள். வேலை கிடைத்த அன்று பெரிய பாக்கெட் அல்வாவோடு வந்து, நீங்க இல்லேன்னா நான் இல்லக்கா என்று அழுதான். அதற்கப்புறமும் தீபாவளி, பொங்கல் தவறாமல் போன் வரும். வேலை எப்படி இருக்கிறது என்று அவள் ஆசையாகக் கேட்பாள். என்ன கிளாஸ் எழுதினாய், எதிலிருந்து எதைப் பிரித்தாய் என்று கேட்பாள். அவன் சிரிப்பான். இங்கே யாரு கிளாஸ் எழுதுறாங்கக்கா, யாரோ என்னைக்கோ எழுதிவைத்ததில் எங்கே பிசகுகிறது என்று பார்த்து மேலதிகாரிக்குச் சொல்வதுதான் வேலை என்பான். அந்தப் பாடத்தை இன்டர்வியூ அறையிலேயே விட்டுவிட்டு வந்தாச்சு என்பான். அவளுக்கு வயிறு எரியும். எழுதத் தெரிந்தவள் அட்டை ஒட்டுகிற கடையில் இருக்கிறாள், எழுதவே தேவையில்லாத இடத்துக்கு அவன் போக அவள் எழுத்துதான் வழிவிட்டிருக்கிறது.

இரண்டு வருஷமாகக் கடையும் படுத்துவிட்டது. பிள்ளைகள் போனிலேயே ஏஐயைக் கேட்டால் அது புரோகிராமை எழுதித் தள்ளிவிடுகிறது. இப்போது மாடி ஏறி வருகிறவர்கள் பிரின்ட் எடுக்கவும் பைண்டிங் போடவும்தான் வருகிறார்கள். புரோகிராம் வேலை இனி இல்லை, பசை வேலை வேண்டுமானால் இருக்கிறது, இஷ்டப்பட்டால் இரு என்று பாய் மென்று விழுங்கிச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

அந்த நேரத்தில்தான் மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனி ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. இந்தக் கம்பெனிகள், இன்ன வருஷத்துக்குப் பிறகு படிப்பு முடித்தவர்கள்தான் வரலாம் என்று ஒரு கோடு போடும். பாண்டிமீனா முடித்த வருஷம் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. இந்தத் தடவை விட்டால், அடுத்த வருஷம் எழுதத் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான், உள்ளே விடமாட்டார்கள். பழைய பரீட்சை தவறியதைப் பற்றி இந்தக் கம்பெனி கேட்கவில்லை. மனுப் போட்டாள். பாய் தெரிந்தவர்களிடம் எல்லாம் அவளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லித் துஆ கேட்டார். அம்மா அன்னக்கொடி அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். அடுத்த வாரம் நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் மூன்று பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, இந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், அந்தப் பக்கம் சிவக்குமார். கம்பெனி மாறி இங்கே டீம் லீட் ஆகியிருக்கிறான், அவளுக்குத் தெரியாது. அவனைப் பார்த்ததும் பாண்டிமீனாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு லேப்டாப்பில் குனிந்துகொண்டான். தெரிந்தவள் என்று காட்டிக்கொண்டால் சலுகை என்று நினைப்பார்கள், அதனால்தான் நாகரிகமாக இருக்கிறான் என்று அவளே அவனுக்காக ஒரு காரணத்தைச் செய்து வைத்துக்கொண்டாள்.

பெரியவர் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பலகையில் எழுதிக் காட்டினாள். அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. சென்னை அம்மா, புத்தகத்தில் இருப்பது வேண்டாம், உங்கள் சொந்த உதாரணத்தோடு பாலிமார்ஃபிசம் சொல்லுங்கள் என்று கேட்டார். சொந்த உதாரணம் என்று கேட்டால் அவள் வேறு எதைச் சொல்வாள்? வாய் தானாக ஓடியது. உசிலம்பட்டி, டவுன் பஸ், விசில், டிரைவர். பாதியில் நிமிர்ந்தால், பெரியவர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

காலையிலிருந்து இந்த பஸ் எத்தனையோ தடவை வந்துபோய்விட்டது என்று அவர் சொன்னார். மதுரையில் எல்லோரும் ஒரே நோட்ஸைத்தான் உருப்போடுகிறார்கள் போல என்று சென்னை அம்மா சிரித்தார். சிரிப்பில் கெடுதல் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"அது நான் சொன்னதுங்க மேடம்," என்றாள் பாண்டிமீனா.

சொந்தமாக யோசித்தேன் என்றுதான் எல்லோருமே சொல்கிறார்கள் என்று அந்த அம்மா பதில் சொன்னார். பிறகு சிவக்குமார் பக்கம் திரும்பி, நீங்கள் இந்த ஊர்தானே, இதை எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

பாண்டிமீனா அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். எனக்கும் இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க என்று அந்த ஒரு வார்த்தை. அவன் கை வேர்த்திருப்பது மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா.

"தெரியல மேம். யூடியூப்ல இருக்கும்," என்றான் சிவக்குமார்.

அதற்கப்புறம் அவள் அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். பொறுக்கவில்லை. பழங்காநத்தத்தில் புராஜெக்ட் சென்டரில் வேலை பார்க்கிறேன், இந்த உதாரணத்தை உண்டாக்கியது நான்தான், பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதும் நான்தான் என்று படபடவென்று சொல்லிவிட்டாள். அப்படியானால் பிள்ளைகளின் புராஜெக்டை எல்லாம் விலைக்கு எழுதிக் கொடுப்பது நீங்கள்தானா என்று சென்னை அம்மா மெதுவாகக் கேட்டார். அதுவரைக்கும் மனப்பாடம் செய்தவளாக இருந்தவள், ஒரே பதிலில் திருட்டுக்குத் துணை போகிறவள் ஆகிவிட்டாள். உண்மையைச் சொல்லாமல் இருந்தால் காப்பியடித்தவள், சொன்னால் மோசடிக்காரி. அவளிடம் புராஜெக்ட் வாங்கியவனுக்கு மேஜையின் அந்தப் பக்கம் நாற்காலி, விற்றவளுக்கு வெளியே போகும் கதவு. நன்றி, தகவல் சொல்கிறோம் என்றார்கள். அந்தத் தகவல் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அவள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. தப்பைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் இத்தனை பேர் இருக்க, கணக்குத் தீர்க்க ஒருத்தியைத்தானா கண்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

மறுநாள் கடைக்கு வந்து பசை வாளியை எடுத்தாள். பாய் டீ வாங்கி வந்து வைத்தார்.

சில வாரம் கழித்து சிவக்குமார் போன் செய்தான். பண்டிகை எதுவும் இல்லை. எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள், கை எடுத்துவிட்டது. கோபமாக்கா என்று ஆரம்பித்தான்.

"நான் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா எனக்கும் சேத்து சீட்டக் கிழிச்சிருப்பாங்கக்கா. நானும் உங்ககிட்ட புராஜெக்ட் வாங்கி, உங்க பஸ்ஸச் சொல்லித்தான உள்ள போனேன். லோன் போட்டு வீடு கட்டிக்கிட்டு இருக்கேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பயந்த பிள்ளையாக வந்தான், பயந்த மனிதனாகவே இருக்கிறான். அதை நினைத்து அவளுக்கு மனசு கொஞ்சம் இளகக்கூடச் செய்தது. அந்த நேரத்தில்தான் அவன் போன் செய்த காரியத்தைச் சொன்னான். அவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி, கடைசி வருஷம் படிக்கிறானாம். அடுத்த மாதம் இதே கம்பெனிக்கு இன்டர்வியூ. பையனுக்கு ஒன்றும் தெரியாது. அனுப்பி வைக்கிறேன், முன்பு எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டான்.

"அந்த பஸ் மட்டும் வேணாங்கா. அது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்க நெனச்சா புதுசா ஒண்ணு சொல்லிர மாட்டீங்களா."

பாண்டிமீனா பசை ஒட்டிய விரல்களைப் பழைய பேப்பரில் துடைத்துக்கொண்டாள். அவன் கேட்டது நிஜம்தான், நினைத்தால் அவளால் முடியும். கேட்ட மாத்திரத்தில் மனசு தன் பாட்டுக்குத் தேட ஆரம்பித்து, பேக்கரி அடுப்பு, தீபாவளிச் சீட்டு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவும் செய்தது. அதில்தான் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"வரச் சொல்லு சிவா," என்றாள். "டவுன் பஸ்ஸே சொல்லிக் குடுக்கேன்."

"அதச் சொன்னா எடுக்க மாட்டாங்கக்கா."

"எனக்குத் தெரியாதா? அவன் அதச் சொல்றப்ப நீ அந்தம்மா பக்கத்துலதான இருப்ப. எங்க சொல்லிக் குடுத்தாங்கன்னு அந்தம்மா கேக்கும்ல. அப்பயாவது பதில் சொல்லு."

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் பேசவில்லை. மச்சினனும் மாடி ஏறி வரவில்லை.

பிள்ளைகளை உட்காரவைத்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது பைண்டிங்குக்கு வந்த அறிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.